கணக்கைத் தணிக்கை செய்தவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், நாட்டை மதிப்பாய்வு செய்த அறிக்கையால் என்ன பயன்?

அண்டிக்கணக்கு (களியக்காவிளை அருகே) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டிலிருந்து களியக்காவிளை எல்லை பத்து நிமிட நடை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு முந்திரிதான் சோறு போடுகிறது. முந்திரி ஆலையை நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தல்லுகிற கொட்டகை அது. உடைப்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் தல்லு. என் அம்மா முப்பது ஆண்டுகள் தல்லியவர். அந்தக் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருகிறது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. சாக்கைப் பார்த்துவிட்டு, "பம்பாய்ச் சரக்கு" என்பார்.

நான் அந்தச் சாக்கின் மறுமுனைக்குப் போனவன். முந்திரி வாங்கும் நிறுவனம் ஒன்றுக்காகத் தான்சானியாவின் தெற்குக் கோடியில் உள்ள முட்வாராவில் 2009 முதல் 2019 வரை வேலை பார்த்தேன். கட்டிங் டெஸ்ட் என் வேலை. மாதிரிக்கு ஒரு கிலோ தோட்டண்டி (ஓடு உடைக்காத கொட்டை) எடுத்து, எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்லதைத் தனியே சொத்தையைத் தனியே வைத்து, 80 கிலோ மூட்டையில் எத்தனை ராத்தல் (பவுண்டு) பருப்பு தேறும் என்று சொல்ல வேண்டும். 48 என்று சொன்னால் ஒரு விலை, 52 என்று சொன்னால் வேறு விலை. கிலோவுக்கு இருநூறு கொட்டை சுமாராக இருக்கும். பத்து ஆண்டில் எத்தனை வெட்டியிருப்பேன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யானை, சிங்கம் பற்றிச் சொல்லுங்கள் என்றுதான் செயலாளர் முதலில் கேட்டார். சிங்கத்தை நான் மிருகக்காட்சிசாலையில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றேன். பிறகு, "ஆப்பிரிக்காவில் அரசாங்கத்தை யார் கேள்வி கேட்கிறார்கள்?" என்று தலைப்பை மாற்றிவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்கிறேன். அந்தப் பகுதியில் 2007-08 பருவத்திலிருந்து கிடங்கு ரசீது முறை இருக்கிறது. உழவர் தன் கொட்டையைக் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டுக் கொடுத்து ரசீது வாங்குவார். சரக்கு பெரிய கிடங்குக்குப் போகும். நான் இருந்த காலத்தில், வாங்குபவர்கள் விலையை எழுதி மூடிய உறையில் போடுவார்கள். உறைகளைத் திறந்தது எங்கே தெரியுமா? நெவாலாவிலும் தண்டாஹிம்பாவிலும் உழவர்கள் கூடியிருக்கும் திடலில், அவர்கள் கண் முன்னால். ஒருவர் உறையைக் கிழித்து, தாளை உயர்த்திக் காட்டி, நிறுவனத்தின் பெயர், எத்தனை டன், என்ன விலை என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார். பிடிக்காவிட்டால் கூட்டம் முழுவதும் "ஹபானா!" என்று கத்தும். இல்லை, வேண்டாம் என்று பொருள். எங்கள் நிறுவனத்தின் தாளுக்கே இரண்டு முறை அந்தக் கத்தலைக் கேட்டேன். முதல் முறை பயந்துபோனேன். இரண்டாம் முறை, என் அம்மா இப்படி ஒரு நாளாவது கத்தியிருக்கலாமே என்று தோன்றியது.

2018 அக்டோபரில் விலை விழுந்தது. முந்தைய பருவத்தில் 4,000 ஷில்லிங்கைத் தொட்டிருந்த கிலோ, 3,000-க்குக் கீழே வந்தது. உழவர்கள் விற்க மறுத்தார்கள். குடியரசுத் தலைவர் மகுஃபுலி நவம்பரில் இரண்டு அமைச்சர்களை நீக்கினார். கிலோ 3,300 ஷில்லிங்குக்கு முழு விளைச்சலையும் அரசே வாங்கும் என்று அறிவித்து, ராணுவத்தைக் கிடங்குகளுக்கு அனுப்பினார். முதல் வாரம் ஊரெல்லாம் கொண்டாட்டம். நானே கைதட்டினேன். நான் வாங்குகிற கட்சியைச் சேர்ந்தவன் என்பதைக்கூட அப்போது மறந்துவிட்டேன். அதன்பின் பணத்துக்குக் காத்திருப்பு. முன்பணம் கொடுத்து மலிவாக வளைத்துப் போடும் தரகர்களை அங்கே கங்கோம்பா என்பார்கள். நீ உழவனா, கங்கோம்பாவா என்று விசாரித்த பிறகே பணம் என்றார்கள். எனக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோய், எண்ணைப் படிக்க என் பூதக்கண்ணாடியைக் கேட்டு வந்தார்.

அதே காலத்தில் தலைநகரில் இன்னொன்று நடந்தது. அங்கே அரசமைப்புச் சட்டத்தின்படி தலைமைத் தணிக்கையாளர் உண்டு, நம் சி.ஏ.ஜி. போல. மூசா அசாத் என்ற பேராசிரியர் அந்தப் பதவியில் இருந்தார். என் அறிக்கைகள் மேல் நடவடிக்கை இல்லையென்றால் அது நாடாளுமன்றத்தின் பலவீனம் என்று 2018 டிசம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். பலவீனத்துக்கு அவர் சொன்னது உதைஃபு என்ற சுவாஹிலிச் சொல். சபாநாயகர் ஜாப் நுடுகாய் கொதித்துப்போய், உரிமைக் குழு முன்னால் அவரை வரவழைத்தார். தணிக்கையில் அது அன்றாடச் சொல் என்று அசாத் விளக்கியும் பயனில்லை. 2019 ஏப்ரலில், இவரோடு இனி வேலை செய்ய மாட்டோம் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. நவம்பரில் அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

சரி, என் கேள்வி இதுதான். ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் ஒரு சக மதிப்பாய்வு முறை வைத்திருக்கின்றன. 2003-ல் அபுஜாவில் தொடங்கியது. ஒரு நாடு தன்னைத் தானே முதலில் மதிப்பிட வேண்டும். பிறகு வெளியிலிருந்து பெரியவர்கள் குழு வந்து எல்லாத் தரப்பையும் விசாரித்து அறிக்கை எழுதும். அதை வைத்து மற்ற நாட்டுத் தலைவர்கள் அந்தத் தலைவரை நேருக்கு நேர் கேட்பார்கள். தான்சானியாவும் 2013 ஜனவரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறது. ஆறே ஆண்டில் தணிக்கையாளருக்கு இந்தக் கதி. அப்படியானால் அந்த அறிக்கை எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நான் என்னவென்று சொல்ல?

ஊர்க்குருவி எழுதியது:

அண்ணாச்சி, நம் ஊர்ச் சாலையில் விழுந்த குழிக்கே கேட்க ஆளில்லை. தான்சானியாவை மதிப்பாய்வு செய்து என்ன ஆகப்போகிறது? சிங்கத்தைப் பற்றியே பேசியிருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

ஊர்க்குருவியைப் பொருட்படுத்தாதீர்கள். எல்லா இழையிலும் அவர் இதையேதான் எழுதுகிறார்.

என் மகள் எட்டு ஆண்டுகளாக நைரோபியில் இருக்கிறாள். அதனால் கென்யாவை மட்டும் சொல்கிறேன். தான்சானியாவுக்கு ஏழு ஆண்டு முன்பே, 2006-ல், கென்யா இந்த மதிப்பாய்வை முடித்துவிட்டது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மொசாம்பிக்கின் கிராசா மாஷெல். நெல்சன் மண்டேலாவின் மனைவி என்றால் எல்லோருக்கும் தெரியும். இனங்களுக்கு இடையே நிலமும் பதவியும் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்டிருப்பது ஆபத்து என்று அந்த அறிக்கை எழுதியது. 2007 டிசம்பர் 27-ல் தேர்தல். முடிவு வந்ததும் வெட்டும் தீயும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

ஆக, மருத்துவர் நோயைச் சரியாகத்தான் சொன்னார். நோயாளி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உங்கள் கிழவரின் ரசீது மாதிரி.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வந்து சமரசம் பேசினார். வன்முறையை விசாரித்த நீதிபதி வாக்கியின் குழு, காரணமானவர்கள் என்று சந்தேகித்தவர்களின் பெயர்களை ஒரு முத்திரையிட்ட உறையில் போட்டு அன்னானிடம் கொடுத்தது. உள்நாட்டில் விசாரிக்காவிட்டால் இது ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும் என்று நிபந்தனை. உள்நாட்டில் விசாரிக்கவில்லை, உறை போனது. (வழக்குகள் பின்னால் நிலைக்கவில்லை. அது வேறு வேதனை.) அந்தக் காயத்திலிருந்துதான் 2010-ன் புதிய அரசமைப்புச் சட்டம் வந்தது. 47 மாவட்ட அரசுகள், தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு அவற்றுக்கு, சட்டம் இயற்றும்போது மக்களிடம் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம், எல்லாம் அதில் இருக்கின்றன.

2024-ல் அந்தக் கட்டாயம் எப்படி உயிர் பெற்றது என்று மகள் போனில் சொன்னாள். அரசு ஒரு நிதி மசோதா கொண்டுவந்தது. ரொட்டிக்கு 16 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி என்று முதலில் இருந்தது. சட்ட நடையில் எழுதிய அந்த மசோதாவை இளைஞர்கள் சுவாஹிலியிலும் தத்தம் தாய்மொழிகளிலும் விளக்கி, காணொளியாகப் பரப்பினார்கள். மகள் வீட்டில் சமைக்க வரும் அம்மாள் ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவளுக்கே அந்தப் பிரிவை விளக்கினாராம். ஜூன் 25 அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுநாள் குடியரசுத் தலைவர் ரூட்டோ, கையெழுத்துப் போட மாட்டேன் என்று மசோதாவைக் கைவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் கிராம சபைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே சித்தூர் வட்டத்தில் நாங்கள் வீட்டில் தமிழ், கடையில் தமிழ், வயலில் தமிழ். சபையில் பட்ஜெட்டை வாசிப்பது மலையாளத்தில். என் தலைமுறைக்குப் புரியும். கம்பு இடித்தே வளர்ந்த கிழவிகளுக்கு "வகயிருத்தல்" என்றால் என்ன தெரியும்? தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்து எழுந்து போவார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை கொடுத்திருக்கிறது. அதைக் காட்டி ஒரு முறை தமிழில் வரவு செலவுச் சுருக்கம் கேட்டோம். கொடுத்தார்கள், ஒன்றரைப் பக்கம். அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு கிழவி எழுந்து, தன் வீட்டு முன்னால் போட்டதாக எழுதியிருக்கும் தெருவிளக்கு எங்கே என்று கேட்டார்.

உங்கள் பேச்சில் அறிக்கையைக் குறை சொல்வதற்கு முன், அது எந்த மொழியில் எத்தனை பேர் கைக்குப் போனது என்று கேளுங்கள்.

அண்டிக்கணக்கு எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. முட்வாராவில் பத்து ஆண்டு இருந்தேன். இப்படி ஒரு மதிப்பாய்வு நடந்ததாகக் கிடங்கில் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நான் ஊர் திரும்பியபின், இங்கே உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது. அந்த ஊர் உழவர்களுக்குக் கிலோ விலை தெரியும், ஏற்றுமதி வரி தெரியும். 2018-ல் அந்த வரியில் முந்திரி நிதிக்கு வந்துகொண்டிருந்த பங்கை அரசு பொதுக் கருவூலத்துக்குத் திருப்பியபோது, அதைத் திட்டவும் தெரியும். இந்த அறிக்கை மட்டும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தணிக்கையாளரை மாற்றிய அதே 2019 நவம்பரில், தனிநபரும் தொண்டு நிறுவனங்களும் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடும் அனுமதியைத் தான்சானியா விலக்கிக்கொண்டது. அந்த நீதிமன்றம் இருப்பதே தான்சானியாவின் அரூஷா நகரத்தில்! கோயில் ஊரில், ஊர்க்காரனுக்கு மட்டும் நடை சாத்தியது போல.

நகரித் தறி எழுதியது:

சார், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். தறிச் சத்தத்தில் எப்படியும் தூக்கம் வராது.

நீங்களும் டீச்சரும் அறிக்கையின் பின்னாலேயே போகிறீர்கள். நான் கேட்பது, பேனா யார் கையில் இருந்தது? மதிப்பாய்வுக்கு முதலில் உட்கார்ந்த நாடு கானா. அங்கே நாடு தன்னைத் தானே மதிப்பிடும் வேலைக்கு 2004-ல் ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். அரசுப் பதவியில் இல்லாதவர்கள். மதிப்பாய்வுக்கான நான்கு தலைப்புகளையும் நான்கு ஆராய்ச்சி நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் அதுபோன்ற குழுவின் தலைவராக ஓர் அமைச்சரையே போட்டார்கள். அங்குள்ள தொண்டு அமைப்புகள் கத்தியதில் என்ன தவறு? மாப்பிள்ளையே தாலி, மாப்பிள்ளையே சாட்சி என்றால் எப்படி?

நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆந்திரத்தில் 2006-ல் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை தொடங்கியது. நான் மூன்று ஆண்டு அந்த வேலைக்குப் போனேன். வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகளையே பொறுக்கிப் பயிற்சி கொடுத்து, தங்கள் ஊர் அல்லாத வேறு ஊருக்கு அனுப்புவார்கள். மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டை) எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். எத்தனை நாள் போனீர்கள், எவ்வளவு வந்தது, இதோ இந்தக் கைநாட்டு உங்களுடையதா? தெலுங்கில் அச்சடித்த தாள், தமிழ் பேசுகிற வீடு, நடுவில் நான். டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தை அளக்க வேண்டும். கடைசியில் மண்டல அலுவலகத்தில் பொதுக் கேட்பு, அதிகாரிகள் மேடையில், ஊர்க்காரர்கள் கீழே.

ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு கிழவரின் பெயரில் பதினான்கு நாள் கூலி. வீட்டுக்குப் போனால் சுவரில் மாலை போட்ட படம். அவர் மனைவி என்னைப் பார்த்து, "செத்த பிறகாவது வேலைக்குப் போனாரே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தாளில் குறித்துக்கொண்டேன். பொதுக் கேட்பில் அந்தப் பெயரை நான் வாசித்ததும், அந்த அம்மாள் படத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையில் ஒருவர் தண்ணீர் கேட்டார்.

இப்படியெல்லாம் பிடித்த பணத்தில் நான் பார்த்தவரை கொஞ்சம்தான் திரும்பி வந்தது. அதை மறைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு அந்த ஊர்ப் பட்டியலில் செத்தவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தான்சானியாவிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் உங்கள் வாசகசாலைக் கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள். செயலாளர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

புளியரைப் பாலம் எழுதியது:

டர்பனில் ஆறு ஆண்டு கணக்கு வேலை பார்த்தவன் நான். தென்னாப்பிரிக்காவைப் பற்றி நகரித் தறி சொன்னதில் பாதிதான் சரி. அமைச்சர் தலைவராக இருந்தும், அறிக்கை முழுவதும் மழுங்கிவிடவில்லை. வெளியிலிருந்து வந்த குழுவின் தலைவர் நைஜீரியாவின் அடெபாயோ அடெடெஜி. 2007-ல் முடிந்த அந்த அறிக்கை, அயல்நாட்டவர் மேல் வளரும் வெறுப்பைக் கவனியுங்கள் என்று எச்சரித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் இம்பெக்கி அப்படியொன்று இல்லை என்று மறுத்தார். 2008 மே மாதம் ஜோஹன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய தாக்குதலில் 62 பேர் இறந்தார்கள். அறிக்கை பொய் சொல்லவில்லை. அதற்குப் பல் இல்லை, அவ்வளவுதான்.

பல் இருப்பதற்கும் அதே நாடுதான் எடுத்துக்காட்டு. குடியரசுத் தலைவர் ஜூமா, இங்காண்ட்லா கிராமத்தில் உள்ள தன் வீட்டில் பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் பொதுப்பணத்தில் வேலை செய்துகொண்டார். மொத்தம் 24.6 கோடி ராண்ட். மாட்டுத் தொழுவம், கோழிக்கூண்டு, விருந்தினர் கூடம், நீச்சல் குளம். அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் காப்பாளர் என்ற அரசமைப்புப் பதவியில் இருந்த துலி மடோன்செலா, 2014 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார்: பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாததற்கு ஜூமா பணம் கட்ட வேண்டும். கட்டவில்லை. காவல்துறை அமைச்சர் ஒருவர், அது நீச்சல் குளமல்ல, தீயணைக்கத் தண்ணீர் தேக்கும் குளம் என்று நிரூபிக்கக் காணொளியே எடுத்துப் போட்டுக் காட்டினார். தீயணைப்பு வீரர்கள் குளத்திலிருந்து குழாயில் தண்ணீர் பீய்ச்ச, பின்னணியில் இத்தாலியப் பாட்டு. எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் யாரும் வேலை பார்க்கவில்லை. மழை பெய்து ஒழுகினால்கூட "தீயணைப்பு ஏற்பாடு" என்று சொல்லிச் சிரித்தோம்.

2016 மார்ச் 31-ல் அரசமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மக்கள் காப்பாளரின் உத்தரவு வெறும் யோசனை அல்ல, கட்டுப்படுத்தும். நீதிமன்றத்துக்குப் போய் அதை ரத்து செய்யாதவரை பின்பற்றியே ஆக வேண்டும். கருவூலம் கணக்குப் பார்த்து 78 லட்சம் ராண்ட் என்றது. ஜூமா வங்கிக் கடன் வாங்கிக் கட்டினார். (அந்த வங்கி இரண்டு ஆண்டில் கொள்ளைபோய் மூழ்கியது தனிக் கதை.)

24.6 கோடியில் 78 லட்சம். குறைவுதான். ஆனால் நாட்டின் தலைவர் ஒருவர் கோழிக்கூண்டுக்குத் தன் கையிலிருந்து பணம் கட்டினார் என்பதை வேறு எங்கே கேட்டிருக்கிறீர்கள்?

ஊர்க்குருவி எழுதியது:

இது நன்றாக இருக்கிறது. சிங்கம் வேண்டாம், கோழிக்கூண்டே போதும்.

அண்டிக்கணக்கு எழுதியது:

பேச்சு முடிந்தது. முப்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் அண்டி ஆபீஸ் பெண்கள். வாசகசாலையில் அவ்வளவு பெண்களை நான் பார்த்ததில்லை. நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளிவாசலில் பெஞ்சு கேட்டு வாங்கினோம்.

நகரித் தறி சொன்னபடி செய்தேன். பிஸ்கட் டின் ஒன்றில் நான்கு உறைகளைப் போட்டு மூடிக் கொண்டுபோனேன். முட்வாராவில் ஏலம் நடந்த விதத்தைச் சொன்னேன், ஹபானா சொல்லிக் கொடுத்தேன். மூன்று உறைகளில் கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. நான்காவதில், செயலாளருக்குத் தெரியாமல், அவரே அறிவிப்புப் பலகையில் ஒட்டிச் சுருண்டுபோயிருந்த வாசகசாலையின் சென்ற ஆண்டுக் கணக்கின் நகல். கிரேடிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணை வாசிக்கச் சொன்னேன். பத்திரிகைச் சந்தா என்ற வரியில் ஆறு இதழ்கள். "ஐந்துதானே வருகிறது?" என்று பின்வரிசையிலிருந்து குரல். ஒரு வினாடி அமைதி. பிறகு யாரோ "ஹபானா!" என்றார்கள். கூரை பிய்ந்தது. செயலாளர் சிவந்துபோய்ப் பேரேட்டைக் கொண்டுவந்து புரட்டினார். ஆறாவது இதழ் நின்றுபோய் எட்டு மாதம் ஆகிறது, சந்தா போய்க்கொண்டே இருக்கிறது. திருட்டு இல்லை, மறதி. மனிதர் என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

கோழிக்கூண்டுக்கு நல்ல சிரிப்பு. இங்காண்ட்லா என்ற பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. "இங்கே ஆண்டாள்" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

தணிக்கையாளர் கதையைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் ஓர் அம்மாள், "அவருக்கு மறுபடி அந்த வேலை கிடைத்ததா?" என்று கேட்டார். நல்லவேளை, படித்துவிட்டுப் போயிருந்தேன். 2022 டிசம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம், தணிக்கையாளரை ஐந்தாண்டில் மாற்ற வழிசெய்த சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று சொன்னது. ஆனால் அசாத் நாற்காலிக்குத் திரும்பவில்லை என்றேன். "அவரைத் திட்டினாரே, அந்தச் சபாநாயகர்?" என்றார். அவரும் 2022 ஜனவரியில் பதவி விலகினார், அரசாங்கம் கடன்மேல் கடன் வாங்குகிறது என்று வாய்விட்டுப் பேசியதற்காக என்றேன். அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அவருக்கும் கணக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

கூட்டம் கலைந்தபின் அதே அம்மாள் வாசலில் நின்றார். இன்னும் இரண்டு பேர் கூட. நாங்கள் தல்லுகிற பருப்பை எடை போடும் மின்னணுத் தராசில் எண் தெரிகிற பக்கம் மேஸ்திரியைப் பார்த்துத்தான் இருக்கிறது, அவர் சொல்வதுதான் எடை, முழுப்பருப்பு எத்தனை, உடைந்த நுறுக்கு எத்தனை என்று துண்டுச் சீட்டும் கிடையாது என்றார்கள். எத்தனை ஆண்டாக என்று கேட்டேன். தராசு வந்த நாளிலிருந்து என்றார்கள். என் அம்மா காலத்தில் தட்டுத் தராசு. முள்ளையாவது பார்க்கலாம்.

பத்தொன்பது பேரில் பதினோரு பேர் கையெழுத்துப் போடத் தயார். மனுவை யாருக்கு எழுதுவது, தொழிலாளர் துறைக்கா, எடையளவுத் துறைக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புளியரைப் பாலம் எழுதியது:

தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தையும் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது, ஒரே மனு போதும். எடை எல்லோருக்கும் தெரியும்படி தராசைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள், சீட்டு இரண்டாவது. பதினோரு பேரும் ஒரே தாளில் வட்டமாகக் கையெழுத்துப் போடட்டும், முதல் பெயர் யாருடையது என்று தெரியக் கூடாது. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடும்போது மடிக்க வேண்டாம்.